எண்ணும் வகையும்: சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் தரவுச் செயலாக்க முறைகள் – காத்தோங்கை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டு, இலக்கியம், நாளிதழ், நினைவுக்குறிப்பு ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வது மரபு. அச்சமூகத்தை அரசும் வணிக நிறுவனமும் எவ்வாறு எண்ணின, எந்தப் பெயரிட்டு வகுத்தன, எந்தக் கட்டத்தில் அடக்கின என்பனவும் சான்றுகளே. ஆயினும் கணக்கெடுப்பு அறிக்கையில் காணும் எண்ணை முடிந்த முடிபாக ஏற்றுக்கொள்ளும் பழக்கமே நம்மிடையே மிகுதி. அந்த எண் அட்டவணைக்கு வந்து சேருமுன் எத்தனை கைகளைக் கடந்தது, ஒவ்வொரு கையும் அதில் என்ன செய்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

தரவுச் செயலாக்கத்தின் அடிப்படைப் படிநிலைகளையும் பொதுவழக்கில் உள்ள முறைகளையும் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றின்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இலங்கைத் தமிழரின் தொன்மைத் தொடர்புடைய காத்தோங் வட்டாரம் இதற்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது. 1824ஆம் ஆண்டின் முதற் கணக்கெடுப்பு தொடங்கி 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரையிலான காலம் இக்கட்டுரையின் எல்லையாகும்.

தரவும் தகவலும்

தரவு என்பது பதிவு செய்யப்பட்ட, இன்னும் பொருள் ஏற்றப்படாத செய்தித் துணுக்கு. ஒருவரின் வயது, பிறந்த இடம், வீட்டில் பேசும் மொழி, ஒருநாள் செலுத்திய தொகை ஆகியன தரவுகள். இவற்றை ஒரு நோக்கத்திற்காகத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, பயன்கொள்ளத்தக்க வடிவில் தரும்போது அவை தகவலாகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வினைகளின் தொகுப்பே தரவுச் செயலாக்கம் எனப்படும்.

அவ்வினைகளைப் பின்வருமாறு நிரல்படுத்தலாம்: திரட்டுதல், சரிபார்த்தல், குறியீடிடுதல், வகைப்படுத்துதல், வரிசைப்படுத்துதல், கணித்தல், அட்டவணைப்படுத்துதல், சேமித்தல், வெளியிடுதல். கையால் செய்தாலும் கணினியால் செய்தாலும் இப்படிநிலைகள் மாறுவதில்லை. மாறுவன அவற்றின் விரைவும் செலவும் அளவுமே.

1824ஆம் ஆண்டு சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட முதற் கணக்கெடுப்பு இதற்கு எளிய எடுத்துக்காட்டாகும். அதன்படி ஐரோப்பியர் 74, ஆர்மீனியர் 16, அரேபியர் 15, மலாய்க்காரர் 4,580, சீனர் 3,317, இந்தியாவைச் சேர்ந்தோர் 756, பூகிஸ் மக்கள் 1,925. மொத்தம் 10,683 பேர். ஏழு எண்களையும் கூட்டிப் பார்த்தால் அம்மொத்தம் பிழையின்றிக் கிடைக்கிறது. பகுதிகளின் கூட்டுத்தொகை முழுமையோடு ஒத்துவருகிறதா எனப் பார்க்கும் இம்முறை, சரிபார்த்தலின் மிகப் பழைய வடிவமாகும்.

ஆனால் கூட்டல் சரியாயிருப்பது ஒன்று; வகைப்பாடு சரியாயிருப்பது வேறொன்று. அந்த 756 பேருள் தமிழர் எத்தனை பேர் என்பதற்கு அவ்வட்டவணையில் விடை இல்லை. நாகப்பட்டினத்துத் துறையிலிருந்து வந்தோரும் வங்காளத்திலிருந்து வந்தோரும் ஒரே கட்டத்தில் அடக்கப்பட்டுவிட்டனர். தொகுக்கும்போதே தொலைந்துபோன வேறுபாட்டைப் பின்னர் எந்தக் கணிப்பாலும் மீட்க இயலாது என்பதே தரவுச் செயலாக்கத்தின் முதற் பாடம் எனலாம்.

கணக்கேட்டு மரபு

இயந்திரங்கள் வருமுன்னரே செம்மையான செயலாக்க மரபொன்று சிங்கப்பூர்த் தமிழரிடையே நிலவியது. மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் அமர்ந்து தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கணக்கு முறையே அது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலை வகுத்து, மேலாளை ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றி அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. ஆள் மாறினும் கணக்கு மாறாமல் தொடர வேண்டுமாயின், எழுதும் முறை ஒருபடித்தாய் இருத்தல் வேண்டும்.

நாள்தோறும் நிகழும் வரவு செலவு முதலில் குறிப்பில் நாள் வரிசையில் பதியப்பட்டது. பின்னர் அதே செய்திகள் பேரேட்டில் ஆள் வரிசையில் பெயர்த்தெழுதப்பட்டன. வட்டி தனியே கணிக்கப்பட்டு வட்டிச் சிட்டையில் ஏறியது. குறித்த காலத்தின் முடிவில் ஐந்தொகை எடுத்து, பற்றும் வரவும் ஒத்து நிற்கின்றனவா எனப் பார்க்கப்பட்டது. இவற்றைத் தரவுச் செயலாக்கக் கலைச்சொற்களால் கூறின், குறிப்பு என்பது நிகழ்வுக் கோப்பு; பேரேடு என்பது முதன்மைக் கோப்பு; பெயர்த்தெழுதுதல் என்பது மறுவரிசைப்படுத்தல்; ஐந்தொகை என்பது சரிபார்ப்பு அறிக்கை.

நாள் வரிசையில் கிடந்த ஒன்றை ஆள் வரிசைக்கு மாற்றுவதால் புதிய செய்தி எதுவும் சேர்வதில்லை. ஆயினும் முன்பு கேட்க முடியாத வினாவொன்றை அம்மாற்றத்திற்குப்பின் கேட்க முடிகிறது. ‘இன்று என்ன நடந்தது?’ என்பதற்குக் குறிப்பு விடை தரும். ‘இவர் நமக்கு எவ்வளவு தரவேண்டும்?’ என்பதற்குப் பேரேடே விடை தரும். எந்த வினாவுக்கு விடை வேண்டுமோ அதற்கேற்ப வரிசை அமைதல் வேண்டும் என்னும் கோட்பாடு ஈண்டுத் தெளிவாகிறது.

காத்தோங்கும் எழுத்தர் சமூகமும்

காத்தோங் முன்னாளில் தென்னந்தோப்புகளும் கடலோர மாளிகைகளும் நிறைந்த பகுதி. பெரானாக்கரும் யுரேசியரும் அதன் அடையாளமாகப் பெரிதும் பேசப்படுகின்றனர். அவ்வட்டாரத்திலேயே இலங்கையின் பெயரைத் தாங்கிய சிலோன் சாலையும் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயமும் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குளக்கரையில் நின்ற செண்பக மரத்தடியில் எழுந்த சிறு வழிபாட்டிடமே இவ்வாலயத்தின் தோற்றுவாய் என மரபுவழிச் செய்தி கூறும். இலங்கைத் தமிழரின் ஆதரவில் வளர்ந்த இவ்வாலயத்தைச் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் நிருவகித்து வருகிறது. அச்சங்கம் 1910ஆம் ஆண்டில் தோன்றியதாகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களுள் கணிசமானோர் எழுத்தர், கணக்கர், நில அளவையாளர், தொடர்வண்டி நிலைய அலுவலர் ஆகிய பணிகளில் அமர்ந்தனர். 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட செமினரி முதலான மிஷன் கல்விக்கூடங்கள் ஆங்கிலமும் கணிதமும் கற்ற ஒரு தலைமுறையை உருவாக்கியிருந்தன. காலனிய நிருவாகத்திற்குத் தேவைப்பட்டவரும் அத்தகையோரே. கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றுதல், சம்பளப் பட்டியல் தயாரித்தல், சரக்குக் கணக்கை ஒப்பிடுதல், நில அளவைக் கணிப்புகளைச் சரிபார்த்தல் என அவர்களின் அன்றாடப் பணிகள் அமைந்தன. பிற்காலத்தில் கணினி மேற்கொண்ட வேலைகளுள் பெரும்பகுதி இதுவே. தோட்டத் தொழிலாளரின் உழைப்பு வரலாற்றில் பேசப்படும் அளவுக்கு எழுத்தரின் உழைப்பு பேசப்படுவதில்லை. அரசு ஆவணங்களின் எண்களைக் கூட்டியும் ஒப்பிட்டும் தந்த கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வகைப்பாடும் அதன் விளைவும்

எழுத்தர் பிறரை எண்ணினர். அவர்களையும் அரசு எண்ணியது. எந்தப் பெயரில் எண்ணியது என்பதே அடுத்த வினா. நீரிணைக் குடியேற்றங்களின் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தென்னிந்தியரைக் குறிக்கக் ‘கிளிங்’ என்னும் சொல் கையாளப்பட்டது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரினின்றும் பிறந்ததாகக் கருதப்படும் இச்சொல் காலப்போக்கில் இழிவுப் பொருள் ஏற்றது. பின்வந்த கணக்கெடுப்புகளில் ‘தமிழர்’ என்னும் சொல் அவ்விடத்தைப் பெற்றது. மக்கள் மாறவில்லை, கட்டத்தின் தலைப்பு மாறியது.

இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு இலங்கைத் தமிழரைப் பற்றியது. மலாயாக் கூட்டரசின் 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் இந்தியர் பிரிவில் இடம்பெறாமல் ‘பிறர்’ என்னும் பிரிவில் வைக்கப்பட்டனர். மலேசியாவின் 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் இந்தியர் பிரிவிற்குள் கொண்டுவரப்பட்டனர். இவ்விரு கணக்கெடுப்புகளையும் அருகருகே வைத்து இந்தியர் எண்ணிக்கை எவ்வளவு வளர்ந்தது எனக் கணிக்கும் ஆய்வாளர், பிறப்பாலோ குடியேற்றத்தாலோ நிகழாத ஒரு பெருக்கத்தையும் அதில் சேர்த்துக் கணித்துவிடுவார். சிங்கப்பூரில் இன்று வழங்கும் புள்ளிவிவர வரையறையின்படி இந்திய, பாகிஸ்தானிய, வங்காளதேச, இலங்கை வம்சாவளியினர் அனைவரும் ‘இந்தியர்’ என்னும் பிரிவில் அடங்குவர். எனவே சிலோன் சாலை ஆலயத்தில் வழிபடும் யாழ்ப்பாண வழித்தோன்றலும் சிராங்கூன் சாலையில் கடை நடத்தும் தஞ்சாவூர்க்காரரும் அட்டவணையின் தலைப்பில் ஒன்றாகின்றனர்.

இத்தகைய தொகுப்பு தவறானது என்பது இங்குக் கருத்தன்று. எந்த வகைப்பாடும் சிலவற்றை ஒன்றாக்கிச் சிலவற்றைப் பிரித்தே தீரும். நிருவாகத்திற்கு நான்கு பிரிவு போதுமானதாகலாம். வரலாற்றாய்வுக்கு நாற்பது பிரிவும் போதாமலிருக்கலாம். ஆகவே காலத்தொடர் ஒப்பீட்டில் இறங்குமுன் வரையறை மாறியதா என்பதை உறுதிசெய்துகொள்ளுதல் ஆய்வாளரின் முதற்கடமையாகிறது.

தாள்துண்டும் துளையட்டையும்

வகைப்படுத்திய தரவை எண்ணுவதற்குரிய முறைகள் மூன்று கட்டங்களாக வளர்ந்தன. முதலாவது கோடிடும் முறை. படிவத்தைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு வீதம் உரிய கட்டத்தில் இட்டு, இறுதியில் கோடுகளை எண்ணுவர். இதில் ஒரு வினாவுக்கு விடை கண்டபின் மற்றொரு வினாவுக்குப் படிவம் முழுவதையும் மீண்டும் புரட்ட வேண்டும்.

இரண்டாவது தாள்துண்டு முறை. பவேரியாவில் கையாளப்பட்ட இம்முறை இந்தியாவின் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் புகுத்தப்பட்டது. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தாள்துண்டு. தாளின் நிறம் சமயத்தைக் காட்டும். அதில் அச்சிட்ட குறிகள் ஆண் பெண் வேறுபாட்டையும் மணநிலையையும் காட்டும். படிவத்திலிருந்து செய்திகளைத் துண்டிற்குப் பெயர்த்தெழுதி, அறைகள் கொண்ட பெட்டிகளில் வகைவகையாய்ப் பிரித்து எண்ணினர். ஒருமுறை எழுதிய துண்டை எத்தனை முறை வேண்டுமாயினும் வெவ்வேறு வகையில் பிரிக்கலாம் என்பதே இதன் சிறப்பு. தரவைத் தாங்கும் பொருள் படிவத்தினின்றும் விடுபட்டுத் தனி அலகானது இம்முறையால்தான்.

மூன்றாவது துளையட்டை முறை. அமெரிக்காவின் 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முடிவுகளைத் தொகுத்து முடிக்க ஏறத்தாழ எட்டாண்டுகள் ஆயின. அடுத்த கணக்கெடுப்பு நெருங்கிவிட்ட நிலையில் எர்மன் ஹாலரித் உருவாக்கிய பொறி 1890ஆம் ஆண்டில் பயன்படுத்தப்பட்டது. அட்டையில் குறித்த இடத்தில் துளையிருந்தால் அதன்வழி மின்சாரம் பாய்ந்து எண்ணியை ஒன்று நகர்த்தும். தாள்துண்டில் நிறம் செய்த வேலையை இங்குத் துளை செய்தது. பெட்டியறை செய்த வேலையைப் பொறி செய்தது. பின்னர் 1928ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய 80 நிரல் அட்டை உலகெங்கும் பரவியது.

துளையட்டையின் வரம்பு வகைப்பாட்டையும் கட்டுப்படுத்தியது. ஒரு நிரலில் அடங்கக்கூடிய குறியீடுகள் சிலவே. ஆகையால் மனிதர் கூறிய விடை நீண்டதாயினும் அது ஓரிலக்க எண்ணாகச் சுருங்க வேண்டியிருந்தது. பட்டியலில் இடம்பெறாத விடை ‘பிற’ என்னும் எண்ணைப் பெற்றது. இட நெருக்கடியால் பிறந்த இச்சுருக்கம், பின்னாளில் இடம் தாராளமாகக் கிடைத்தபோதும் பழக்கத்தால் நீடித்தது.

கணினிக் காலம்

சிங்கப்பூரில் மத்திய சேம நிதிக் கழகம் 1955ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் செயற்படத் தொடங்கியது. தொழிலாளியும் முதலாளியும் தலைக்குச் சம்பளத்தில் 5 விழுக்காடு செலுத்தினர். மாதந்தோறும் ஒவ்வொரு நிறுவனமும் அனுப்பும் பட்டியலைத் தனித்தனி உறுப்பினர் கணக்கில் ஏற்ற வேண்டும். ஆண்டு முடிவில் வட்டி சேர்க்க வேண்டும். நகரத்தார் குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் பெயர்த்த அதே வேலை இலட்சக்கணக்கான கணக்குகளுக்கு விரிந்தது. 1963ஆம் ஆண்டில் இக்கழகத்தில் ஐபிஎம் 1401 கணினி நிறுவப்பட்டது. சிங்கப்பூர் அரசுத்துறைக் கணினிமயத்தின் தொடக்கமாக இது கருதப்படுகிறது.

இத்தகைய பணிக்குரியது தொகுதிமுறைச் செயலாக்கம். வந்துசேரும் பதிவுகளை உடனுக்குடன் கவனிக்காமல் ஒரு தொகுதியாகச் சேர்த்து வைப்பர். பின்னர் அவற்றைக் கணக்கு எண் வரிசையில் அடுக்கி, அதே வரிசையிலுள்ள முதன்மைக் கோப்போடு ஒப்பிட்டு, ஒரே ஓட்டத்தில் அனைத்தையும் திருத்துவர். குறைந்த செலவில் மிகுந்த வேலை நடைபெறும். ஆனால் அடுத்த ஓட்டம் வரையில் கணக்கு பழைய நிலையிலேயே இருக்கும். சம்பளப் பட்டியல், மின்கட்டணச் சீட்டு, வட்டிக் கணிப்பு ஆகியவற்றுக்கு இம்முறை இன்றும் பொருந்தும்.

இதற்கு மாறானது நேரிணைப்பு முறை. பதிவு தோன்றிய கணத்திலேயே முதன்மைக் கோப்பு திருத்தப்படும். 1981ஆம் ஆண்டில் தேசியக் கணினி வாரியம் நிறுவப்பட்டு அரசுப் பணித்துறைக் கணினிமயத் திட்டம் தொடங்கியபின் இம்முறை விரிவடைந்தது. 1989ஆம் ஆண்டில் செயற்பாட்டுக்கு வந்த டிரேட்நெட் கட்டமைப்பு, நாட்கணக்கில் காத்திருந்து பெற வேண்டிய வணிக அனுமதிச் சீட்டைச் சில நிமிடங்களில் கிடைக்கச் செய்தது. துறைமுக நகருக்கு இதன் பயன் எத்தகையது என்பது விளக்காமலே விளங்கும். காலக்கெடு தவறினால் பயனற்றுப்போகும் பணிகளுக்கு நிகழ்நேரச் செயலாக்கமும், பல இடங்களில் உள்ள கணினிகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பரவல் முறையும் இதன் தொடர்ச்சியாக அமைந்தன.

விடுதலைபெற்ற சிங்கப்பூரின் முதற் கணக்கெடுப்பு 1970ஆம் ஆண்டில் நடைபெற்றது. அதனை மேற்பார்த்து, 1973ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையைத் தந்தவர் பி. அருமைநாதன். அக்கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20,74,507; 1957ஆம் ஆண்டில் அது 14,45,929ஆக இருந்தது. காலனியக் காலத்தில் எண்ணப்படுவோராகவும் எண்ணுவோரின் உதவியாளராகவும் இருந்த சமூகத்தின் பெயரொன்று நாட்டின் கணக்கெடுப்பு அறிக்கையின் முகப்பில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

பதிவேட்டு முறை

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடிப்படை மாற்றமொன்று நிகழ்ந்தது. வீடுதோறும் சென்று அனைவரையும் எண்ணும் மரபு கைவிடப்பட்டு, அரசுத் துறைகளில் ஏற்கெனவே இருந்த பதிவேடுகளை இணைத்து மக்கள்தொகையின் அடிப்படை எண்கள் பெறப்பட்டன. மொழி, சமயம், போக்குவரத்து முதலிய விரிவான செய்திகளுக்கு மட்டும் 20 விழுக்காட்டு வீடுகள் கூறெடுப்பு முறையில் தெரிந்தெடுக்கப்பட்டன. அவர்கள் இணையம், தொலைபேசி, நேர்காணல் ஆகிய மூன்றனுள் ஒன்றன்வழி விடை தந்தனர். 2010, 2020 ஆகிய ஆண்டுகளிலும் இம்முறையே பின்பற்றப்பட்டது.

பதிவேடுகளை இணைப்பதற்கு ஒவ்வோர் ஆளுக்கும் மாறாத அடையாள எண் வேண்டும். 1966ஆம் ஆண்டில் தொடங்கிய மறுபதிவின்கீழ் வழங்கப்பட்ட அடையாள அட்டையின் எண் இதற்குப் பயன்பட்டது. அவ்வெண்ணின் இறுதியில் நிற்கும் எழுத்து அழகுக்காக வைத்ததன்று. முன்னுள்ள இலக்கங்களைக் கணித்துப் பெறும் சரிபார்ப்பு எழுத்து அது. ஓரிலக்கம் பிறழ்ந்தாலும் எழுத்து ஒவ்வாது. கணினி அப்பதிவை ஏற்காது. ஐந்தொகையில் பற்றும் வரவும் ஒத்துப்பார்த்த அதே கருத்து இங்கு ஓர் எழுத்தளவில் சுருங்கியிருக்கிறது.

இடம், பெயர், எழுத்து

குறியீடிடும் படிநிலையில் தமிழரைத் தொடும் சிக்கல்கள் மூன்று. முதலாவது இடம். காத்தோங் என மக்கள் வழங்கும் பரப்பு பெரிது. ஆனால் நகரத் திட்டமிடலுக்காகத் தீவு 55 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டபோது காத்தோங் தனி வட்டாரமாகவில்லை. மரின் பரேட் வட்டாரத்தின் உட்பிரிவுகளுள் ஒன்றாயிற்று. 1966ஆம் ஆண்டு தொடங்கிய கடல் தூர்ப்பில் எழுந்த நிலத்தின்மீது 1970களில் உருவான குடியிருப்பின் பெயர் வட்டாரப் பெயராக, அதனினும் பழைய காத்தோங் உட்பெயராகியது. 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தஞ்சோங் காத்தோங், காத்தோங் பார்க் பெருவிரைவு இரயில் நிலையங்களோ மக்கள் வழக்கையொட்டி அப்பெயரை மீண்டும் பரவலாக்கியுள்ளன. ‘காத்தோங்கில் வாழும் தமிழர் எத்தனை பேர்?’ என்று வினவுவோர், எந்தக் காத்தோங் என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும்.

இரண்டாவது பெயர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரே உடன் வருகிறது. சிங்கப்பூரின் ஆவணங்களில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்னும் குறிப்போடு அது பதியப்படுவதுண்டு. இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் வெளிநாட்டு மென்பொருள்கள் தந்தையின் பெயரால் மகனை வரிசைப்படுத்துகின்றன. ஒரே வீட்டைச் சேர்ந்த தந்தையும் மகனும் இருவேறு குடும்பத்தினராகத் தோன்றுவதும் இதனால் நேர்கிறது. பிழை பெயரில் இல்லை. படிவத்தின் கட்டத்தில் உள்ளது.

மூன்றாவது எழுத்து. கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். தமிழுக்கு ஆளுக்கொரு குறியாக்கம் நிலவிய காலத்தில், சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டு மே மாதம் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடு பொதுத்தரத்தை நோக்கிய முயற்சிக்கு ஊக்கமளித்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர் நா. கோவிந்தசாமி. இன்று ஒருங்குறி பரவலாகியுள்ளது. ஆயினும் ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்திற்குப் பின்னும் நிற்கின்றன. நெடுங்கணக்கில் இவற்றின் இடம் வேறு. ஆகவே எண்மதிப்பை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் அகராதி வரிசை கிடைக்காது. தமிழுக்குரிய வரிசை விதியைத் தனியே அளித்தல் வேண்டும். பெயர்ப்பட்டியலும் நூற்பட்டியலும் ஆயத்தப்படுத்துவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

தமிழ்மொழி பற்றிய எண்கள்

மேற்கண்ட படிநிலைகளை அறிந்தபின் நம் சமூகம் மிகுந்த கவலையோடு நோக்கும் அட்டவணைக்கு வரலாம். ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2000ஆம் ஆண்டில் 3.2 விழுக்காடு, 2010ஆம் ஆண்டில் 3.3 விழுக்காடு, 2020ஆம் ஆண்டில் 2.5 விழுக்காடு. இவற்றை மட்டும் காண்போர், முதற் பத்தாண்டில் தமிழ் நிலைபெற்றிருந்தது என்றும் இரண்டாம் பத்தாண்டில் திடீரெனச் சரிந்தது என்றும் முடிவு கட்டக்கூடும்.

இதே எண்களை வேறோர் அடிப்படையில் நோக்குவோம். சிங்கப்பூர்வாசிகளுள் இந்தியரின் பங்கு இம்மூன்று ஆண்டுகளிலும் முறையே 7.9, 9.2, 9.0 விழுக்காடு. முன்னதைப் பின்னதால் வகுத்தால், தோராயமாக 100 இந்தியர்க்கு 40, 36, 28 பேர் எனக் கிடைக்கிறது. வயது வரம்பு வேறுபடுவதால் இது துல்லியக் கணிப்பன்று. ஆயினும் போக்கு தெளிவாகிறது. சரிவு 2010க்குப் பின் தொடங்கியதன்று, முன்னரே தொடங்கிவிட்டது. முதற் பத்தாண்டில் இந்தியர் தொகை கூடியதால் அது மறைந்திருந்தது. எதனை அடிப்படையாக வைத்து வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து வரலாறே வேறாகத் தோன்றுகிறது.

இச்சரிவிற்குக் காரணங்கள் இரண்டு கூறலாம். தமிழல்லாத பிற மொழி பேசும் இந்தியர் குடியேறியமை ஒன்று. தமிழ்க் குடும்பங்கள் ஆங்கிலத்திற்கு மாறியமை மற்றொன்று. முன்னது மட்டுமே காரணமாயின் தமிழர் வீட்டில் தமிழுக்கு ஊறில்லை. பின்னது பெரிதாயின் ஊறு வீட்டிற்குள்ளேயே உள்ளது. மேற்கண்ட ஒற்றை விழுக்காட்டால் இவற்றைப் பிரித்தறிய இயலாது. தமிழரை மட்டும் தனியே பிரித்து, வயது, பிறந்த நாடு, கல்வி ஆகியவற்றோடு வீட்டுமொழியை இணைத்து நோக்கும் குறுக்கு அட்டவணை இதற்குத் தேவை. தாள்துண்டை மீண்டும் மீண்டும் வெவ்வேறு பெட்டியில் இட்டுப் பிரித்த எழுத்தரின் வேலையை நாம் தொடர வேண்டியிருக்கிறது.

வினாவின் வடிவமும் கவனத்திற்குரியது. ‘மிகுதியாகப் பேசும் மொழி’ என்னும் வினா ஒரு மொழியையே முதலிடத்தில் வைக்கும். பிள்ளைகளோடு ஆங்கிலமும் பாட்டியோடு தமிழும் பேசும் வீடு ஆங்கிலக் கட்டத்தில் சேர்ந்துவிடும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வீட்டில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோருள் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் இரண்டாவதாக ஒரு தாய்மொழியையும் பேசுவதாகத் தெரிவித்துள்ளனர். இது எல்லா இனத்தாரையும் சேர்த்த எண்ணே. எனினும் முதற்கட்டத்தில் தமிழ் இல்லாத வீடு அனைத்தும் தமிழற்ற வீடல்ல என்பதை இது உணர்த்துகிறது. அதே வேளையில் இதனை ஆறுதலாக மட்டும் கொள்வதும் பொருந்தாது. இரண்டாமிடத்தில் இருக்கும் மொழி அடுத்த தலைமுறையில் அவ்விடத்தையாவது காத்துக்கொள்ளுமா என்பது அடுத்தடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டே அறியத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தரவுச் செயலாக்கம் கணினியோடு பிறந்ததன்று. கிட்டங்கியின் பேரேட்டிலும் எழுத்தரின் பதிவேட்டிலும் அதன் படிநிலைகள் அனைத்தும் முன்னரே இருந்தன. கோடிடுதல், தாள்துண்டு, துளையட்டை, தொகுதிமுறை, நேரிணைப்பு, பதிவேட்டு இணைப்பு என முறைகள் மாறியபோது விரைவு பெருகியது. ஆயினும் வகைப்படுத்தும் பொறுப்பு மனிதரிடமே நிலைத்தது. 1824ஆம் ஆண்டில் ஒரே கட்டத்தில் அடங்கிய 756 பேரையும், ‘பிறர்’ என்னும் கட்டத்திலிருந்து ‘இந்தியர்’ என்னும் கட்டத்திற்கு மாறிய இலங்கைத் தமிழரையும் எந்தப் பொறியும் வகுக்கவில்லை. வரையறை எழுதியோரே வகுத்தனர்.

ஆகவே கணக்கெடுப்பு எண்களைச் சான்றாகக் கொள்ளும் தமிழாய்வாளர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: யாரை எண்ணினர், எந்த வரையறையில் வகுத்தனர், எதனை அடிப்படையாகக் கொண்டு விழுக்காடு கண்டனர். தமிழ் சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளி, ஒலிபரப்பு, நூலகம் ஆகியவற்றில் அதற்குரிய திட்டங்கள் எண்களைக் கொண்டே வாதிடப்படுகின்றன. அவ்வெண்களைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்பதோடு நில்லாமல், அவை உருவான வழியைத் தாமே தேர்ந்து உரைக்கும் பயிற்சி நம் மாணவர்க்கு வாய்த்தல் வேண்டும். மொழி, இலக்கியம் பயிலும் துறைகளின் பாடத்திட்டத்தில் இப்பயிற்சிக்கு ஓரிடம் ஒதுக்குவது பயனுடையதாகும்.